வைரத்தில் க்ரவுன் கோணத்தையும் பெவிலியன் கோணத்தையும் ஏன் சேர்த்தே பார்க்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது. 1 காரட் உருண்டை வைரம் ஒன்று மோதிரத்துக்கு வாங்க வேண்டும். கடையில் இரண்டு கல் காட்டினார்கள். இரண்டுக்கும் ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) சான்றிதழ் உண்டு, கட், பாலிஷ், சிமெட்ரி மூன்றும் எக்ஸலென்ட். நிறமும் தெளிவும் ஒரே தரம், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் கல்லுக்கு டேபிள் 58%, க்ரவுன் 35 டிகிரி, பெவிலியன் 41.2 டிகிரி, மொத்த ஆழம் 62.5%, விட்டம் 6.40 மி.மீ. இரண்டாம் கல்லுக்கு டேபிள் 57%, க்ரவுன் 33 டிகிரி, பெவிலியன் 41.0 டிகிரி, ஆழம் 60.9%, விட்டம் 6.46 மி.மீ. "உலகத்திலேயே சிறந்த க்ரவுன் கோணம் 34.5. முதல் கல் அதற்கு அரை டிகிரி பக்கத்தில் இருக்கிறது, இரண்டாவது ஒன்றரை டிகிரி தள்ளி நிற்கிறது, ஆகவே முதல் கல்லை எடுங்கள்" என்கிறார் கடைக்காரர். சரியா?

சரியில்லை. எண்களை மட்டும் வைத்துச் சொல்வதானால் நான் இரண்டாம் கல்லை எடுப்பேன். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. 34.5 என்ற எண் உண்மையான எண்தான். ஆனால் அது ஒரு ஜோடியில் பாதி. அதன் இணையைப் பிரித்துவிட்டுத் தனியாக வைத்து அளந்தால் தவறான கல்லுக்குத்தான் அது கைகாட்டும். இந்தத் தவறால் நல்ல கற்களை ஒதுக்கிவிட்டு மங்கலான கல்லோடு வீடு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உறுப்புகளைச் சொல்லிவிடுகிறேன். உருண்டை பிரில்லியன்ட் கல்லை இடுப்பில் சுற்றி வரும் விளிம்புதான் கர்டில். அதற்கு மேலே இருப்பது க்ரவுன், கீழே கூம்பாக இறங்குவது பெவிலியன். கோணம் என்பது கர்டிலின் கிடைமட்டத் தளத்திலிருந்து பட்டை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது; சதவீதங்கள் எல்லாம் விட்டத்தில் எத்தனை பங்கு என்பது. சூரத் பட்டறைகளில் மேல்பாதியை மத்தாலா, கீழ்பாதியைத் தளியா என்பார்கள். க்ரவுனின் உச்சியில் இருக்கும் பெரிய தட்டையான பட்டை டேபிள். டேபிளையும் சேர்த்து மேலே 33 பட்டைகள், கீழே 24, ஆக 57. அடிமுனையில் க்யூலெட் என்ற சின்னப் பட்டை வைத்தால் 58. பெவிலியனின் 24 பட்டைகளில் 8 முதன்மைப் பட்டைகள், 16 லோயர் ஹாஃப் எனப்படும் பட்டைகள். சான்றிதழில் வரும் பெவிலியன் கோணம் அந்த 8 முதன்மைப் பட்டைகளின் சராசரி மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

வைரத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.42. அதனால் அதன் மாறுநிலைக் கோணம் மிகச் சிறியது, 24.4 டிகிரி. பட்டையின் செங்குத்துக்கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் வெளியே போக முடியாது. கண்ணாடியில் பட்டதுபோல் முழுதாக உள்ளேயே திரும்பும். பள்ளிக்கூடத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தோமே, அதேதான். பட்டை தீட்டுகிறவரின் வேலை முழுவதும் இந்த ஒரு விதியை வைத்துத்தான். கீழ்ப்பட்டைகளில் படும் ஒளி தப்பிக்கக் கூடாது, மேல்பட்டைகளுக்குத் திரும்பி வரும் ஒளி சிக்கிக்கொள்ளவும் கூடாது. கீழே கதவு மூடியிருக்க வேண்டும், மேலே திறந்திருக்க வேண்டும்.

இப்போது கல்லை நடுவே செங்குத்தாக வெட்டிய படத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். டேபிள் வழியாக ஒரு கதிர் நேராகக் கீழே இறங்குகிறது. இடதுபக்கப் பெவிலியனில் பட்டு, குறுக்கே ஓடி, வலதுபக்கப் பெவிலியனில் பட்டு மேலே திரும்புகிறது. V வடிவில் நிறுத்திய இரண்டு கண்ணாடிகளில் அடுத்தடுத்துப் படும் கதிர், அந்தக் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள கோணத்தைப் போல் இரண்டு மடங்கு திரும்பும். பெவிலியன் கோணத்தை ஒரு டிகிரி மாற்றினால் V-யின் இரு பக்கமும் மாறும். V-யின் கோணம் 2 டிகிரி மாறும். கதிரின் திசை 4 டிகிரி மாறும். இந்த நான்கு மடங்குதான் விஷயத்தின் முடிச்சு. க்ரவுன் கோணத்தை ஒரு டிகிரி மாற்றினாலோ, உள்ளே ஓடும் கதிருக்கு எந்த மாற்றமும் இல்லை. அது வெளியேறும் வாசலின் சாய்வுதான் ஒரு டிகிரி மாறும்.

கணக்காகவே போட்டுவிடலாம். பெவிலியன் 40.75 டிகிரி என்றால், இரண்டு முறை பட்டுத் திரும்பும் கதிர் செங்குத்திலிருந்து வெளிப்புறமாக 17 டிகிரி சாய்ந்து மேலே வரும் (180-லிருந்து 40.75-இன் நான்கு மடங்கைக் கழித்தால் 17). அது 34.5 டிகிரி சாய்ந்த க்ரவுன் பட்டையில் படும்போது படுகோணம் 34.5-இல் 17 போக 17.5. மாறுநிலைக் கோணமான 24.4-க்குள் இருக்கிறது, வெளியேறிவிடும். எந்தத் திசையில்? ஒளி விலகலுக்கான ஸ்நெல் விதிப்படி பட்டையின் செங்குத்துக்கோட்டிலிருந்து 46.6 டிகிரி வளைந்து வெளியே வரும். அந்தச் செங்குத்துக்கோடே வெளிப்புறமாக 34.5 டிகிரி சாய்ந்திருப்பதால், கடைசியில் கதிர் நேர்மேல் திசைக்கு 12 டிகிரி பக்கத்தில் முடிகிறது. நேராக இறங்கிய கதிர் ஏறக்குறைய நேராகவே திரும்பி வந்துவிட்டது.

இதிலிருந்து ஒரு கூட்டல் கிடைக்கிறது. க்ரவுன் கோணத்தோடு பெவிலியன் கோணத்தின் நான்கு மடங்கைக் கூட்டி 180-ஐக் கழித்தால், திரும்பி வரும் கதிர் க்ரவுனில் படும் படுகோணம். இதை உங்கள் இரண்டு கல்லுக்கும் போட்டுப் பார்ப்போம்.

இரண்டாம் கல்: 33-உம், 41.0-இன் நான்கு மடங்கான 164-உம் சேர்ந்து 197. படுகோணம் 17. வெளியேறும் கதிர் நேர்மேல் திசைக்கு 12 டிகிரி பக்கத்தில். 34.5, 40.75 என்ற பெயர்பெற்ற ஜோடிக்கு வந்த அதே விடை. க்ரவுன் ஒன்றரை டிகிரி குறைந்ததைப் பெவிலியன் கால் டிகிரி கூடிச் சரிக்கட்டிவிட்டது.

முதல் கல்: 35-உம், 41.2-இன் நான்கு மடங்கான 164.8-உம் சேர்ந்து 199.8. படுகோணம் 19.8. வெளியேறும் கதிர் 20 டிகிரி தள்ளிப் போய்விட்டது. இங்கே க்ரவுனும் கூடியிருக்கிறது, பெவிலியனும் கூடியிருக்கிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டாமல் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

19.8 என்பது 24.4-க்குள் தானே இருக்கிறது, ஒளி வெளியே வந்துவிடுமே என்று கேட்கலாம். இங்கேதான் லோயர் ஹாஃப் பட்டைகள் வருகின்றன. இன்றைய கற்களில் அவை கர்டிலிலிருந்து க்யூலெட்டை நோக்கி முக்கால் தூரத்துக்கு மேல் நீள்கின்றன. பெவிலியனின் பெரும்பரப்பு அவற்றுடையதுதான். அவை முதன்மைப் பட்டைகளைவிடக் கொஞ்சம் செங்குத்தானவை. நீளத்தைப் பொறுத்து மாறும் என்றாலும், ஏறக்குறைய 1.2 டிகிரி கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு மடங்காக்கினால் 4.8. அதைக் கூட்டினால் இரண்டாம் கல்லில் படுகோணம் 21.8 ஆகிறது, எல்லைக்குள் நிற்கிறது. முதல் கல்லில் 24.6 ஆகிறது, எல்லை தாண்டிவிட்டது. அந்தக் கதிர் க்ரவுன் பட்டையில் வெளியேறாமல் உள்ளே திருப்பப்பட்டு, மறுபடி கீழே போய், அடிவழியாகக் கசிந்துவிடும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த இடம் வெளிச்சமில்லாத இடம். இப்படிக் கோணம் இரண்டும் கூடிய கற்களில் டேபிளின் ஓரத்தை ஒட்டி உள்ளே ஒரு சாம்பல் வளையம் தெரிவது இதனால்தான்.

இது இரு பரிமாணக் கணக்கு. உண்மைக் கல்லில் பட்டைகள் சுற்றிலும் திரும்பி நிற்கின்றன. கதிர்கள் எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றன. மூன்று நான்கு முறை பட்டுத் திரும்புகிறவையும் உண்டு. 24.6 என்றதும் விளக்கை அணைத்தாற்போல் கல் செத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கல் விளிம்பில் நிற்கிறது, எது பத்திரமான இடத்தில் நிற்கிறது என்று கண்டுகொள்ள இந்தக் கூட்டல் போதும்.

தொழிலில் இருப்பவர்கள் இதை வாய்க்கணக்காக வைத்திருக்கிறார்கள்: க்ரவுன் ஒரு டிகிரி ஏறினால் பெவிலியன் 0.2 டிகிரி இறங்க வேண்டும். ஐந்துக்கு ஒன்று. நம் கணக்கில் உள்ளே நான்குக்கு ஒன்று என்று வந்தது. வெளியேறும் திசையை வைத்துப் பார்த்தால், 34.5, 40.75-க்கு அருகில் பெவிலியனின் ஒரு டிகிரி கதிரை 13 டிகிரிக்கு மேல் தள்ளுகிறது. க்ரவுனின் ஒரு டிகிரி 2.4 டிகிரிதான் தள்ளுகிறது. அது ஐந்தரைக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் மேல். பட்டறை அனுபவம் சொன்ன ஐந்து இவை இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

34.5 எங்கிருந்து வந்தது? பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் வைரத் தொழில் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் பொறியியல் படித்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் 'டைமண்ட் டிசைன்' என்ற சிறு நூலை வெளியிட்டார். பெவிலியன் 40.75, க்ரவுன் 34.5, டேபிள் 53%, கர்டிலைச் சேர்க்காமல் மொத்த ஆழம் 59.3% என்பது அவர் கண்ட விடை. அவரும் தட்டையான வெட்டுப்படத்தை வைத்து, ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்துதான் கணக்கிட்டார். எடை இழப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கைவினைஞர்கள் தீட்டிய அன்றைய நல்ல கற்களின் அளவுகளோடு தன் விடையை ஒப்பிட்டும் பார்த்தார். மிக அருகில் வந்தது. கண்ணும் கையும் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்ததற்கு அவர் காரணம் சொன்னார் என்பதே சரி. அந்தக் காலத்தில் லோயர் ஹாஃப் பட்டைகள் குட்டையானவை. அவற்றின் செல்வாக்கு அவர் கணக்கில் இல்லை.

அவருக்குப் பின் 1939 வாக்கில் ஜெர்மனியில் எப்ளர் முன்வைத்த அளவு க்ரவுன் 33.2, பெவிலியன் 40.8, டேபிள் 56%. 1969-ல் ஸ்காண்டிநேவிய நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு க்ரவுன் 34.5, பெவிலியன் 40.75, டேபிள் 57.5%. பாருங்கள், க்ரவுன் ஒரு டிகிரிக்கு மேல் ஆடுகிறது, டேபிள் நான்கைந்து சதவீதம் ஆடுகிறது; பெவிலியன் மட்டும் நகரவே இல்லை. வேறு வேறு ஊரில், வேறு வேறு காலத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள் எல்லோரும் பெவிலியனை ஒரே இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதைத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நான்கு மடங்கு பெருகும் பிழைக்குப் பயந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "தட்டையாக இருந்தால் நல்லது" என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். க்ரவுன் 32, பெவிலியன் 40.2 என்று ஒரு கல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் குறைவு. கூட்டினால் 192.8, படுகோணம் 12.8, வெளியேறும் கதிர் நேர்மேல் திசையிலிருந்து அரை டிகிரிகூட விலகவில்லை. ஒளி எல்லாம் திரும்பிவிடுகிறதே, அருமையல்லவா என்று தோன்றும். ஆனால் ஒளிப்பாதை இரு திசையிலும் ஒன்றுதான். மேலிருந்து பார்க்கும் உங்கள் கண்ணுக்கு அந்தப் பட்டை காட்டுவது, நேர் மேலே எது இருக்கிறதோ அதைத்தான். நேர் மேலே இருப்பது உங்கள் தலை! கல் உங்கள் தலையின் நிழலைப் பிடித்துக் காட்டும். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க இருளும். காதுத் தோட்டுக்கு இப்படிப்பட்ட கல் பரவாயில்லை, ஏனென்றால் தோட்டை யாரும் 25 சென்டிமீட்டரில் வந்து பார்ப்பதில்லை. மோதிரத்தைப் போட்டிருப்பவரே குனிந்து குனிந்து பார்ப்பார். மோதிரத்துக்கு இது கூடாது.

நல்ல கல்லில் 12 டிகிரி என்று வந்ததே, அதுவும் கொஞ்சம் தலை நிழலுக்குள் தானே என்று கூர்மையாகப் படித்தவர் கேட்பார். ஆமாம். நன்றாகத் தீட்டிய கல்லில் மேலிருந்து தெரியும் எட்டு கறுப்பு அம்புகள் அந்த நிழல்தான். முதன்மைப் பட்டைகள் காட்டும் தலை நிழல். கையை லேசாக அசைத்ததும் அவை பளிச்சென்று வெள்ளையாகும், பக்கத்துப் பட்டைகள் கறுக்கும். இந்தக் கறுப்பு வெள்ளை மாற்றம் இல்லாவிட்டால் கல் பால்கண்ணாடிபோல் ஒரே வெளிச்சமாக இருக்கும், மின்னாது. நிழல் வேண்டும். அளவோடு, ஒழுங்காகப் பிரிந்து வேண்டும்.

பெவிலியன் ஒரேயடியாக எல்லை தாண்டினால் க்ரவுனால் காப்பாற்ற முடியாது. 45 டிகிரியை நெருங்கினால் V செங்கோணமாகி, டேபிள் வழியாக இறங்கியதெல்லாம் டேபிள் வழியாகவே கண்ணுக்குத் திரும்பும்; நடுவில் ஆணித்தலைபோல் ஒரு கறுப்பு வட்டம். 39-க்குக் கீழே இறங்கினால் கர்டிலின் பிம்பம் டேபிளுக்குள் வெள்ளை வளையமாகத் தெரியும்; மீன்கண் என்று அதற்குப் பெயர். சரிக்கட்டல் என்பதெல்லாம் 40.5-க்கும் 41.2-க்கும் இடைப்பட்ட குறுகிய சந்துக்குள் நடக்கும் வேலை.

டேபிளின் பங்கு வேறு மாதிரி. க்ரவுன் உயரம் என்பது சுதந்திரமான எண் அல்ல. டேபிள் அளவும் க்ரவுன் கோணமும் முடிவாகிவிட்டால் அது தானாக முடிவாகிவிடும். க்ரவுன் 34.5 டிகிரியில் டேபிள் 53% என்றால் உயரம் 16.2%. அதே கோணத்தில் டேபிளை 60% ஆக்கினால் 13.7% ஆகிவிடும். டேபிள் விரிய விரிய க்ரவுன் பட்டைகளுக்கு இடம் குறுகுகிறது. வெள்ளை ஒளி பெரும்பாலும் டேபிள் வழியாக வரும். நிறங்களாகப் பிரிந்து சிதறும் நெருப்பு பெரும்பாலும் சாய்ந்த க்ரவுன் பட்டைகள் வழியாக வரும், ஏனென்றால் அங்கேதான் கதிர் அதிகம் வளைகிறது. உங்கள் இரண்டாம் கல்லில் க்ரவுன் உயரம் சுமார் 14%, முதல் கல்லில் சுமார் 14.7%. இந்த ஒரு விஷயத்தில் முதல் கல்லுக்கு ஒரு சின்ன முன்னிலை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பாட்டி காலத்து ஏழு கல் தோடுகளில், ப்ளூ ஜாகர் என்று பெருமையாகச் சொல்வோமே அந்தப் பழைய கற்களில், சின்ன டேபிளும் உயர்ந்த க்ரவுனுமாக இருப்பதைப் பார்க்கலாம். விளக்கு வெளிச்சத்தில் அவை சிவப்பும் நீலமுமாக வாரி இறைப்பது அதனால்தான்.

அப்படியானால் முதல் கல்லை ஏன் இப்படித் தீட்டினார்கள்? எடைக்காக. உருண்டைக் கல்லின் எடையை உத்தேசமாகக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: விட்டத்தின் வர்க்கத்தை உயரத்தால் பெருக்கி, 0.0061-ஆல் பெருக்கினால் காரட். முதல் கல் 6.40 மி.மீ. விட்டம், 62.5% ஆழம், பெருக்கினால் 1.00 காரட். அதே 6.40 மி.மீ. விட்டத்தில் இரண்டாம் கல்லின் விகிதப்படி 60.9% ஆழத்துக்குத் தீட்டியிருந்தால் 0.97 காரட்தான் வந்திருக்கும். 97 சென்ட் கல்லுக்கும் 100 சென்ட் கல்லுக்கும் எடையில் வித்தியாசம் 3 சென்ட். விலைப்பட்டியலிலோ படி மாறிவிடும். இயற்கையில் எண்முகப் படிகமாகக் கிடைக்கும் தீட்டாத வைரத்தின் முகம் சுமார் 54.7 டிகிரி சாய்வு. அதை 41-க்கு இறக்க இறக்கக் கல் தூளாகப் போகிறது. செங்குத்தாக விடும் ஒவ்வொரு பின்னமும் எடையைக் காப்பாற்றும். சூரத்தில் ஸ்கேனர் முன் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர் இதைத் தெரிந்தே செய்கிறார். எக்ஸலென்ட் என்ற வேலிக்குள் எவ்வளவு கனமாக நிற்க முடியுமோ அவ்வளவு கனமாக நிற்கச் சொல்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. வாங்குகிறவர் பார்வையில் அந்த 3 சென்ட் கண்ணுக்குத் தெரியாத அடிவயிற்றில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எடை ஒன்றாக இருந்தும் இரண்டாம் கல் 6.46 மி.மீ. விரிந்திருக்கிறது, மேற்பரப்பில் ஏறக்குறைய 2% பெரியது.

அந்த வேலி எவ்வளவு அகலம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜி.ஐ.ஏ. 2006 முதல் உருண்டைக் கற்களுக்குக் கட் தரம் எழுதுகிறது. எக்ஸலென்ட் வாங்க க்ரவுன் 31.5 முதல் 36.5 வரை, பெவிலியன் 40.6 முதல் 41.8 வரை இருக்கலாம். இவை வெளி எல்லைகள். உள்ளே எந்த ஜோடிக்கு எந்தத் தரம் என்பது டேபிள் அளவோடு சேர்த்து முடிவாகும். 2,000-க்கும் மேற்பட்ட கற்களைப் பலரிடம் காட்டி, அவர்கள் பார்வையில் எது பிடித்தது என்று கேட்டு உருவாக்கிய முறை என்பதால் வேண்டுமென்றே தாராளமாக வைத்திருக்கிறார்கள். அது நேர்மையான முறைதான். ஆனால் எக்ஸலென்ட் என்ற சொல் ஒரு பெரிய மைதானத்தின் பெயர். அதில் நடுவில் நிற்கும் கல்லும் உண்டு, வேலியில் சாய்ந்து நிற்கும் கல்லும் உண்டு.

இன்னொரு நுணுக்கம், பலர் கவனிக்காதது. சான்றிதழில் வருவது எட்டுப் பட்டைகளின் சராசரி, அதுவும் முழுமையாக்கியது. க்ரவுன் கோணத்தை அரை டிகிரிக்கும், பெவிலியன் கோணத்தை 0.2 டிகிரிக்கும் முழுமையாக்குகிறார்கள். 35 என்று எழுதியிருந்தால் உண்மை 34.8-ஆகவும் இருக்கலாம், 35.2-ஆகவும் இருக்கலாம். 41.2 என்றால் 41.1 முதல் 41.3 வரை. நான்கு மடங்குப் பெருக்கத்தை நினைத்தால் அந்த 0.1-உம் சும்மா அல்ல, 0.4 டிகிரி. எட்டுப் பட்டைகளில் ஒன்று 40.9, எதிரே உள்ளது 41.5 என்று இருந்தாலும் சராசரி 41.2 தான். (உங்கள் இரண்டாம் கல்லில் 41.0 என்று இருப்பதும் 40.9-இலிருந்து 41.1 வரை எங்கும் நிற்கலாம். அதனால்தான் "எண்களை மட்டும் வைத்துச் சொல்வதானால்" என்று ஆரம்பத்தில் நிபந்தனை போட்டேன்.) கடையில் சரின் இயந்திரத்தின் அளவீட்டு அறிக்கை இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பட்டையின் கோணமும் அதில் தனித்தனியாக இருக்கும்.

கர்டிலுக்குப் பக்கத்துப் பட்டைகளைக் கொஞ்சம் திருப்பித் தீட்டி எடையை மிச்சப்படுத்துவதும் உண்டு. சான்றிதழின் முதன்மைக் கோணங்களில் அது தெரியாது. கர்டில் தடிமன் ஒரே சீராக இல்லாமல் அலையடிப்பதில்தான் தெரியும். உங்கள் இரண்டு கல்லிலும் ஆழத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கர்டிலுக்கு முதலில் 4 சதவீதமும் இரண்டாவதில் மூன்றரை சதவீதமும் மிஞ்சுகிறது. இரண்டும் நியாயமான அளவுதான்.

இந்த எண்களைக் கொண்டுபோய் வேறு கல்லில் பொருத்திவிடாதீர்கள். ரத்தினபுரி நீலக்கல்லின் ஒளிவிலகல் எண் 1.77, மாறுநிலைக் கோணம் 34 டிகிரிக்கு மேல். ஸ்படிகத்துக்கு 40 டிகிரிக்கும் மேல். வைரத்துக்கு உயிர்கொடுக்கும் 40.75, ஸ்படிகத்தில் விளிம்பில் நின்று, கொஞ்சம் சாய்த்தாலே அடியில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். திருச்சிப் பட்டறைகளில் தீட்டப்படும் செயற்கைக் கற்களுக்கும் அந்தந்தக் கல்லின் எண்ணைப் பார்த்துத்தான் கோணம் வைக்க வேண்டும்.

சரி, கடைக்குப் போனதும் என்ன செய்வது? கடையின் கூரையில் பதித்திருக்கும் சின்னச் சின்ன ஸ்பாட் விளக்குகளின் கீழே பார்க்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் சோடா பாட்டில் துண்டும் மின்னும். இரண்டு கல்லையும் அருகருகே ஒரே இடுக்கியிலோ, வெள்ளை அட்டையின் மடிப்பிலோ வைத்து, ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு முழத் தூரத்தில் பிடித்து நேர் மேலிருந்து பாருங்கள். முதல் கல்லில் டேபிளின் ஓரத்துக்கு உள்ளே மங்கலான சாம்பல் வளையம் தெரிகிறதா என்று தேடுங்கள். பிறகு முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கல்லில் ஓரம் வரை மினுமினுப்பு ஓடும், கசியும் கல்லில் நடுவில் மட்டும் ஒரு வெளிச்சக் குளம் நின்றுவிடும். ஐடியல் ஸ்கோப் என்ற சின்னக் குழல் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் திரும்பி வரும் ஒளி சிவப்பாகவும், கசியும் இடம் வெள்ளையாகவும், தலை நிழல் கறுப்பாகவும் தெரியும். முதல் கல்லில் டேபிள் ஓரத்தில் வெளிறிய வளையம் இருந்தால் என் கணக்கு சரி. இல்லாவிட்டால் கண்ணை நம்புங்கள், என் கணக்கை விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. இவ்வளவு நேரம் போட்ட கணக்கில் பெவிலியனுக்கு வெளியே காற்று இருப்பதாக வைத்துக்கொண்டோம். கைக்குப் பூசும் க்ரீம், சமையல் எண்ணெய், தோடாக இருந்தால் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் எல்லாம் கல்லின் அடியில் போய்ப் படியும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47. காற்றுக்குப் பதில் எண்ணெய் ஒட்டியிருக்கும்போது மாறுநிலைக் கோணம் 24.4-இலிருந்து 37 டிகிரிக்கு மேல் எகிறிவிடும். க்ரவுன் வழியாக இறங்கும் கதிர் இரண்டாவது முறை பெவிலியனில் படும் படுகோணம் நல்ல கல்லிலும் 37-க்குக் கொஞ்சம் குறைவுதான். ஆக, காற்றில் திரும்பிய ஒளி எண்ணெய்ப் படலம் வழியாகத் தப்பிவிடும். அரை டிகிரிக்கு இத்தனை யோசித்து வாங்கிய கல் ஒரு மாதத்தில் மங்குவது இப்படித்தான். கழுவ வசதியாக, கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கும்படி பதிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பை விட்டு, மோதிரத்தைக் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மேல்பக்கம் தானே பளபளக்கிறது என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். அழுக்கு உட்கார்ந்திருப்பது கீழே.